முப்பத்தொரு படிகளும் ஒரு வெல்டிங் பிளான்டும்

“பிளான்ட் யாருக்கு டீச்சர்?”

திகன சந்திக்குப் பக்கத்து ஹாட்வெயார் கடையில் நௌஷாட் நாநா இப்படிக் கேட்டதும், ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர், பெயின்ட் வாளியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், சீமெந்துக்கு வந்தவர் எல்லோருமே என் பக்கம் திரும்பினார்கள். நான் மேசைமேல் இருந்த சின்ன மஞ்சள் பெட்டியில் கை வைத்தபடி நின்றேன். ஒரு தையல் மெஷின் அளவுகூட இல்லை அது. இதையா வெல்டிங் பிளான்ட் என்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம்.

“எனக்குத்தான் நாநா.”

“அண்ணன் செய்யப் போறாரா?” அண்ணன் என்றது என் கணவரை.

“அவரால இப்ப படியேறவே ஏலாது. நான்தான் செய்யப் போறேன்.”

பெயின்ட் வாளிக்காரர் சிரித்துவிட்டார். “டீச்சர், புள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிச்சது காணாதா?”

“கணக்குப் பார்த்துத்தாங்க வாங்க வந்தேன். ஒம்பது தடவை நாளைக்கு வர்றேன்னு சொன்ன வெல்டிங் பாஸ், பத்தாவது தடவை வருவாரா மாட்டாரா? நீங்களே சொல்லுங்க.”

கடையே சிரித்தது. நௌஷாட் நாநா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய், கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்து பெட்டிமேல் வைத்தார்.

“இது இல்லாம அந்தப் பெட்டியத் தொட வாணாம். ரெண்டு கண்ணும் ஒங்களுக்குத் தேவ ஈக்கி.”

கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த பிளான்ட் அது. பெட்டியில் அச்சடித்திருந்த பெயரை நாநாவாலும் வாசிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. ஒரு கட்டு வெல்டிங் குச்சி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு கம்பி பிரஷ், இரண்டு நீளப் பைப். வெள்ளிப் பூச்சுப் பைப்பைத்தான் நான் கேட்டேன். நாநா தரவில்லை. அந்தப் பூச்சு எரிந்து வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது, கறுப்புப் பைப்பை எடுத்துப் பிறகு பெயின்ட் அடியுங்கள் என்றார். பைப்பைக் கடை லொறியில் அனுப்பிவைத்தார்.

இந்த வயதில் இப்படியொரு பெட்டியோடு ஓட்டோவில் ஏறுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவரைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

படியில் விழுந்த பஸ் சாரதி

எங்கள் வீடு தெருவுக்குக் கீழே இருக்கிறது. கண்டியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒன்று வீடு தெருவுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும். மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தெருவில் நின்று பார்த்தால் எங்கள் கூரைத் தகடுதான் தெரியும். அங்கிருந்து முப்பத்தொரு படி இறங்கினால் வாசல்.

அந்தக் காணியை விரும்பி வாங்கியவர் என் கணவர் தங்கராஜ். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். “நாள் பூரா ஹோர்ன் சத்தம் கேட்டவனுக்கு வீட்டுலயாவது அது கேக்கக் கூடாது மகேஸ்” என்பார். அவர் சொன்னபடியே, கீழே இறங்கிவிட்டால் மேலே போகிற பஸ்ஸின் உறுமல்கூடக் காற்று வாக்கில்தான் வரும்.

முப்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அவர் அடித்ததில்லை. ஹேர்பின் வளைவுகளிலும், மழை கரைத்துக்கொண்டு போன ஓரங்களிலும் பஸ்ஸை ஓட்டியவர், ஓய்வு பெற்று ஒன்றரை வருடத்தில் சொந்த வீட்டுப் படியில் விழுந்தார். காலை மழை. கையில் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய பாண் பை. பிடித்துக்கொண்டு இறங்கிய இரும்புப் பைப், தூணில் துருப்பிடித்திருந்த இடத்திலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. நான் குசினியிலிருந்து ஓடிவந்தபோது அவர் நான்கு படிகளுக்குக் குறுக்கே கிடந்தார். பாண் மட்டும் ஒழுங்காக வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு.

முறிவைவிட மோசமாக இருந்தது மேலே ஏற்றுவது. அயலில் இருந்த நான்கு பேர் வந்து, அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர்கள். மூச்சு வாங்க, ஒருவருக்கொருவர் “இஸ்ஸரஹட்ட, முன்னுக்கு, பின்னுக்கு, மெதுவா” என்று இரண்டு மொழியிலும் கத்தியபடி ஏற்றினார்கள். வலப்பக்கம் பிடித்தவர்கள் உயரம், இடப்பக்கம் பிடித்தவர்கள் குட்டை. அதனால் என் கணவர் சாமி வீதியுலா போவதுபோல ஒரு பக்கம் சாய்ந்தபடி போனார். கண்ணை இறுக மூடியிருந்தார். வலியால் என்று எல்லோரும் நினைத்தார்கள். வலியல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைக் கழற்றுவதற்கும் அதே கதிரைதான். கண்டியில் கிளினிக் டொக்டர், “நல்லா சேர்ந்திருக்கு. இனி நடக்கணும். ஒரு கையில ஊன்றுகோல், மறு கையில கைப்பிடி, மெதுவா படியும் ஏறிப் பழகுங்க. ரெண்டு வாரத்துல வந்து காட்டுங்க” என்றார். திரும்பி வந்து, நால்வரும் கீழே இறக்கிவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

“அடுத்த தடவை நான் போகல.”

“டொக்டர் வரச் சொல்லியிருக்காரேங்க.”

“அந்தக் கதிரையில இனி ஏற மாட்டேன். என் சாவுக்கு வேணும்னா தூக்கிட்டுப் போகட்டும்.”

அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அமைதியாகச் சொன்னார். அதனால்தான் பயந்துபோனேன். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், ஆறு வாரமாக வாசலில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அதையும் பார்க்காமல் கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

வெல்டிங் வேலை செய்கிற பாஸுக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு வருகிறேன் என்றார். அடுத்த நாள் எடுத்தேன். நாளைக்கு என்றார். இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன வேலைக்குப் பிளான்டைக் கீழே இறக்கிக் கட்டுப்படியாகாது என்று போய்விட்டார். காலையும் மாலையும் போன் எடுத்து, ஒன்பது ‘நாளைக்கு’ கேட்டு, நான்கு நாள் இப்படியே போயிற்று. கிளினிக்குக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் நான் திகனவுக்குப் பஸ் ஏறினேன்.

சுவரில் விழுந்த நீல வெளிச்சம்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். மடுல்கெல்லப் பக்கத் தோட்டமொன்றில் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மத்தியானம் சோற்றுத் தூக்கோடு போவேன். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பட்டறை. ஒருநாள் அதன் கதவிடுக்கு வழியாக நீல வெளிச்சம் துடித்துத் துடித்து எதிர்ச் சுவரில் விழுந்தது. மின்னல் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. நான் எட்டிப் பார்க்கப் போனேன்.

“ஏ பொம்பளப் புள்ள, போ போ! இதெல்லாம் பாக்கக் கூடாது!” என்று ஒருவர் விரட்டினார்.

கண் கெட்டுப்போகும் என்பதற்காகத்தான் விரட்டியிருப்பார். நியாயம்தான். ஆனால் அதே இடத்தில் இரண்டு பையன்கள் முகத்தைக் கையால் மறைத்தபடி நின்றார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. அந்த ஆத்திரம் ஒரு வாரம் இருந்தது. பிறகு மறந்துபோனேன். படித்தேன், ஆசிரியையானேன், முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் கோணங்களும் முக்கோணங்களும் வரைந்தேன்.

இந்த ஞாபகம் பிளான்டை வாங்கும்போது எனக்கு வரவே இல்லை. மஞ்சள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வரும்போதுதான், குண்டசாலைக்குத் திரும்புகிற வளைவில், எங்கிருந்தோ வந்தது. நான் தனியே சிரித்தேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

காக்கி உடுப்பு

பெட்டியைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. ஆறு வாரத்தில் முதன்முதலாக வந்த உருப்படியான கோபம்.

“ஒனக்கென்ன பைத்தியமா? கரண்ட் அடிச்சா? நெருப்புப் புடிச்சா?”

“வெளியில, மழை இல்லாத நேரம், ஈரம் இல்லாத தரையில செய்வேன். சப்பாத்து போட்டுக்குவேன். பக்கத்துல மண்ணு வாளி வச்சுக்குவேன். வேற என்ன?”

“சேலையைக் கட்டிக்கிட்டா?”

அது நல்ல கேள்வி. சேலைக்கு ஒரு பொறி போதும். அலுமாரியைத் திறந்து, அவருடைய பழைய காக்கிக் காற்சட்டையையும் சட்டையையும் எடுத்துப் போட்டேன். காற்சட்டையைச் சணல் கயிற்றால் இறுக்கினேன். கொண்டையைத் துணியால் கட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போட்ட கறுப்புச் சப்பாத்தை மாட்டி, முகமூடியைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். ஊன்றுகோல் கையிலிருந்து நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

“கண்டி டிப்போவுக்கு ஆள் எடுக்குறாங்களாம், போறியா?”

எனக்கு அப்போதே பிளான்ட் வாங்கிய காசு வந்துவிட்டது.

ஒட்டிக்கொண்ட குச்சிகள்

வேலை தொடங்கியது ஒரு துண்டு இரும்பில். போனில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிற வீடியோவைப் பதினைந்து தடவை பார்த்திருந்தேன். தீக்குச்சியை உரசுவதுபோல உரசி, லேசாகத் தூக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார். அவர் உரசினால் நீலச்சுடர் வந்தது. நான் உரசினால் குச்சி அட்டைபோல ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், திருகினேன். பிளான்ட் உம்மென்று முனகியது. குச்சி முழுக்கச் சிவந்து வளைந்தது. ஒன்பது குச்சி இப்படிப் போனது.

பக்கத்து வீட்டுக் குசுமா வேலியோரம் வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், சிங்களத்தில் பாதி தமிழில் பாதியாகப் பேசுவாள். “அனே டீச்சர், இது சாமிக்கு ஊதுபத்தி மாதிரி” என்றாள், சிவந்து வளைந்த குச்சியைப் பார்த்து. பிறகு போய்த் தன் வீட்டுக்காரரின் இரும்பு தேய்க்கிற கிரைண்டரைக் கொண்டுவந்து தந்தாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உதவி செய்கிறவர்களைவிட, சிரித்துவிட்டு உதவுகிறவர்கள் எவ்வளவோ மேல்.

நௌஷாட் நாநாவுக்குப் போன் எடுத்தேன்.

“குச்சிய எங்க வச்ச டீச்சர்?”

“குசினிக்கு வெளியில, தட்டுல.”

“நம்மட ஊருப் பனிக்கு அது ஈரம் குடிச்சிக்கும். ரெண்டு மணித்தியாலம் நல்ல வெயில்ல காய வச்சிப் பாருங்க.”

மிளகாய் காயவைத்த சுளகின் ஒரு பாதியை ஒதுக்கி, குச்சிகளை அதில் பரப்பினேன். மத்தியானம் எடுத்து உரசினேன். ஒரு பொறி. இன்னொரு பொறி. பிறகு திடீரென்று, கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சையாக ஒரு சின்னச் சூரியன் எழும்பி நின்றது. அதன் அடியில் இரும்பு தண்ணீராகித் தளும்பியது. நான் மூச்சுவிடவில்லை. சரியாக நான்கு விரல்கடை நீளம் இழுத்தேன். பிறகு குச்சி விலகி அணைந்துவிட்டது.

முகமூடியைத் தூக்கிப் பார்த்தால், கோழி கிண்டிய மண்போல ஒரு கோடு. அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவரிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “அசிங்கமா இருக்கு” என்றார். பிறகு, “ஆனா ஒட்டியிருக்கு” என்றார்.

குசுமாவின் கண்ணீர்

அன்றைக்கு நான் ஒரு தப்புச் செய்தேன். முகமூடியைப் போட்டால் குச்சி முனை எங்கே நிற்கிறது என்றே தெரியாது. அதனால் தூக்கிவைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி உரசிவிட்டுப் பிறகு இறக்குவேன். ஒரு கணம்தானே என்று நினைத்தேன். அப்படி ஐம்பது கணம் போயிருக்கும்.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம், கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டதுபோலத் தொடங்கியது. கண்ணைத் திறந்தாலும் எரிச்சல், மூடினாலும் எரிச்சல். கண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. பருப்புக் கறியோடு வந்த குசுமா வாசலில் என்னைப் பார்த்துத் திகைத்தாள்.

“டீச்சர், அழ வேணாம்” என்று கையைப் பிடித்தாள்.

“அழல குசுமா, இது...”

“எனக்குத் தெரியும். டீச்சர்ட மாத்தயா கால் சுகம் வரும். புது சரணய், புத்தர் காப்பாத்துவார்.” சொல்லிக்கொண்டே அவளும் விம்மத் தொடங்கிவிட்டாள்.

நான் அழவில்லை என்று சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணீர் கூடியது. எனக்குக் கூடக் கூட அவளுக்கும் கூடியது. உள்ளேயிருந்து அவர், “ரெண்டு பேரும் யாருக்கு ஒப்பாரி வைக்கிறீங்க? நான் இன்னும் உசிரோடதான் இருக்கேன்!” என்று கத்தினார். அதன்பிறகுதான் குசுமா என் முகத்தை நன்றாகப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள்.

மறுநாள் டிஸ்பென்சரி டொக்டர் சொட்டு மருந்து தந்தார். இரண்டு நாள் வெயிலையும் பார்க்கக்கூடாது, வெல்டிங்கையும் பார்க்கக்கூடாது என்றார். கிளினிக்குக்கு இருந்த பத்து நாளில் மூன்று நாள் முடிந்திருந்தது. இதோடு ஐந்து.

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தபோது, படிகளை மனதுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் படி எதுவும் இன்னொன்றின் உயரம் இல்லை. கட்டியவர் அன்றைக்கு இருந்த கல்லுக்கு ஏற்றபடி கட்டியிருக்கிறார். அதோடு பதினெட்டாவது படியில் சரிவு மாறுகிறது. கண் தெளிந்ததும் பாகைமானியையும் பழைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு போய், இரண்டு பைப்பும் சந்திக்கிற கோணத்தை வரைந்து வெட்டினேன். முப்பது வருடமாக, “இது எங்களுக்கு எதுக்கு டீச்சர் உதவும்?” என்று கேட்ட பிள்ளைகள் எல்லோரையும் அந்தப் படிக்குக் கூப்பிடவேண்டும்போல இருந்தது.

வடை பொரிகிற சத்தம்

கண் சரியான பிறகு மறுபடியும் வாசலில் பழகத் தொடங்கினேன். இந்தமுறை முகமூடி முதலில், குச்சி பிறகு.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று, திரும்பாமலே சொன்னார்: “இப்ப கையைத் தூக்கிட்ட.”

நான் நிறுத்தினேன். “எப்பிடித் தெரியும்?”

“சத்தம் மாறுதுல்ல? புஸ்ஸுபுஸ்ஸுங்குது. கிட்டக் கொண்டு போ.”

கிட்டக் கொண்டுபோனேன். சுடர் சுருங்கி, சடசடவென்று ஒரே சீராக வந்தது.

“ஆ, அதுதான்! வடை பொரியிற சத்தம். அதை வுடாத!”

முப்பது வருடம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு கோளாறு என்று சொன்ன காது அது. எனக்குக் கண்ணாடிக்குள் பாதி தெரியாது. அவருக்கு எதையும் பார்க்கவே தேவையில்லை. “வடை... வடை... தள்ளிட்ட... கிட்ட போ... ஆ, வடை” என்று அவர் சொல்லச் சொல்ல நான் இழுத்தேன். வேலியைத் தாண்டிக் கேட்ட குசுமா, உண்மையிலேயே வடை சுடுகிறோம் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் என் கோடுகள் கோழி கிண்டியதுபோல இல்லை. மீன் செதில் அடுக்கியதுபோல, கொஞ்சம் கோணலாக, ஆனால் ஒழுங்காக இருந்தன. அவர் கதிரையைப் படிப் பக்கம் திருப்பிப் போட்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

டக்

எட்டாம் நாள் படிக்குப் போனேன். பழைய தூண்கள் பதினொன்றும் சீமெந்துக்குள் உறுதியாகத்தான் நின்றன. உச்சியில்தான் துரு. கிரைண்டரால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தேன். புதுப் பைப்பைக் கம்பியால் கட்டி நிறுத்தினேன். வீட்டிலிருந்து நீள வயர் இழுத்து, பிளான்டை மேற்படியில் வைத்து, தெருப் பக்கமிருந்து தொடங்கினேன். மத்தியானத்துக்குள் மூன்று தூண் முடிந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பாருங்க!” என்று கீழே பார்த்துக் கத்திவிட்டு, பைப்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்துத் தொங்கினேன்.

டக்.

மூன்று ஒட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. நான் இரண்டு படி சறுக்கி, பொத்தென்று உட்கார்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. காக்கிக் காற்சட்டை தடிப்பானது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் கீழே அவர் சிரிக்கவில்லை. ஊன்றுகோலைத் தேடித் தடுமாறி எழும்பி, படியடிவரை வந்து நின்றிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. மேலே வர முடியாமல், முதல் படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

“வேணாம் மகேஸ்” என்றார். “நீ இறங்கி வா. நான் கதிரையிலயே போறேன். சத்தியமாப் போறேன். நீ இறங்கி வந்தாக் காணும்.”

இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. கழன்ற துண்டைக் காட்டினேன். ஒட்டு இரும்புக்குள் இறங்கவே இல்லை. தட்டில் வைத்த சோற்று உருண்டைபோல மேலாக உட்கார்ந்திருந்தது.

“வாசல்ல நல்லாத்தானே வந்துச்சு” என்றேன். “அதே குச்சி, அதே கை.”

“சத்தம் வடை இல்ல” என்றார் அவர் மெதுவாக. “மேல இருந்ததால எனக்குச் சரியாக் கேக்கல. ஆனா வடை இல்ல.”

சொன்னவர், ஏதோ நினைத்துக்கொண்டு குனிந்து, தரையில் சுருண்டு கிடந்த வயரைத் தொட்டார். உடனே கையை எடுத்தார்.

“தொட்டுப் பாரு.”

தொட்டேன். சுட்டது.

“வயர் மெலிசு. இவ்வளவு தூரத்துக்கு இது காணாது. கரண்டெல்லாம் வழியிலயே சூடாகிப் போகுது. மேல உன் கைக்கு வந்து சேரல.” அவர் முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. “பற்றரி வயர் மெலிசுன்னா லொறி ஸ்டார்ட் ஆகாது பாரு, அதே கததான். உன் மேல பிழையில்ல.”

நாநாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பின்னேரமே நௌஷாட் நாநா தடித்த வயர் ஒன்றைக் கடைப் பையனிடம் கொடுக்காமல், தானே கொண்டுவந்தார். விலை பேச வாயைத் திறந்தேன். “வேல முடிஞ்சதும் திருப்பித் தாங்க, வாடகை எல்லாம் வாணாம். ஒங்கட வெல்டிங்கப் பாக்கத்தான் வந்த” என்றார். பார்த்தார். கழன்ற ஒட்டுகளையும் பார்த்தார். “சுத்தமா ஈக்கி. கரண்ட் காணாமத்தான் போயிரிக்கி” என்று அவரும் அதையே சொன்னார். என் கணவர் பரீட்சையில் பாஸான பிள்ளைபோல என்னைப் பார்த்தார்.

பதினொரு தூண்

ஒன்பதாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. குசுமாவும் நானும் அவருடைய கதிரையைப் படியடிக்கு நகர்த்திப் போட்டோம். “எனக்குக் கேக்குற தூரத்துல இரு” என்பது அவர் உத்தரவு. அதனால் கீழிருந்து தொடங்கினேன்.

முதல் தூணில் உரசியதுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டியில் எண்ணெய் சரியாகக் காய்ந்திருந்தது. “வடை!” என்றார். இரண்டாவது, மூன்றாவது. ஒரு தூணில் கரண்ட் கூடிப்போய்ப் பைப்பில் ஓட்டை விழுந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, அடைத்தேன். பதினெட்டாவது படியில் நான் பேப்பரில் வெட்டிய கோணத்துக்குப் பைப்புகள் ஒரு நூல்கூடப் பிசகாமல் சந்தித்தன. அங்கே நான் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு தூணும் முடிந்ததும், ஆறவிட்டு, கசடைத் தட்டிவிட்டு, பைப்பில் தொங்கினேன். ஒன்றும் அசையவில்லை. பிறகு குசுமா தொங்கினாள். அவள் என்னைவிடக் கனமானவள். “ஷா! டீச்சர், யானை கட்டலாம்!” என்றாள். பின்னேரம் சிவப்பு அடிப் பெயின்டை மூவருமாக அடித்தோம். அவர் உட்கார்ந்தபடி எட்டிய தூரம் அடித்தார்.

மறுநாள் கிளினிக். காலை ஏழு மணிக்கே அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி நின்றார். வலக்கையில் ஊன்றுகோல். இடக்கையைப் பைப்பில் வைத்தார். பெயின்ட் காய்ந்திருந்தும் உடனே எடுத்தார். மறுபடியும் வைத்தார். நான் ஒரு படி பின்னால் நின்றேன். அவர் விழுந்தால் என்னால் பிடிக்க முடியாது, இரண்டு பேருமாக உருளலாம் என்பது இருவருக்கும் தெரியும்.

“மகேஸ், நீ முன்னால போ.”

“ஏன்?”

“பின்னால நின்னா நான் உன்னைப் பத்தி யோசிப்பேன். முன்னால போனா உன்னைப் பாத்துட்டே வருவேன்.”

நான் முன்னால் ஏறினேன். அவர் ஒவ்வொரு படியாக வந்தார். நல்ல காலை வை, பைப்பை இழு, மற்றக் காலைக் கொண்டு வா. ஒன்பதாவது படியில் நின்றார். வியர்த்திருந்தது. நான் திரும்பி ஏதோ சொல்லப்போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பதினெட்டில் மறுபடி நின்று, பைப்புகள் சந்திக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கடைசி நான்கு படி கொஞ்சம் வேகமாகவே வந்தார். முப்பத்தொன்றாவது படியிலிருந்து தெருவுக்குக் காலை வைத்தபோது, அவரைத் தூக்கிய நால்வரில் வேலைக்குப் போக நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள். அவர் வெட்கப்பட்டு, சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு, தூரத்தில் வருகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

டொக்டர் நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்கு அடுத்த நாள் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது அவரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல் சத்தம் படியில் இறங்கி வந்தது. கையில் ஒரு நெருப்புப்பெட்டி. வீட்டில் நான்கு நெருப்புப்பெட்டி இருந்தது. அரை மணித்தியாலத்தில் மறுபடியும் ஏறிப்போய், நேற்றைய பேப்பரோடு வந்தார். மூன்றாவது தடவை வெறுங்கையோடு வந்தார்.

நான்காவது தடவை படியடியில் பிடித்துவிட்டேன்.

“இப்ப என்னாங்க வாங்கப் போறீங்க?”

“ஒண்ணும் வாங்கல. சும்மா, மேல போயிட்டு வர்றேன்.”

சோற்றை வடித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நானும் ஏறினேன். மேலே பார்ப்பதற்கு அப்படி ஒன்றுமில்லை. தெருதான். இரண்டு ஓட்டோ போனது, பிறகு ஒரு பஸ் போனது. இருவரும் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றோம். பசித்ததும் இறங்கினோம்.